பழைய பைப்பு வாங்கியாச்சு, ஸ்டெம் மோசமா இருக்கா? கோளாறு வாரியா சரி பண்ற வழி

வால்பாறை, ஏற்காடு, குன்னூர் பக்கம் பழைய எஸ்டேட் பங்களாவ காலி பண்றப்ப கடிகாரம், கிராமபோன், பீங்கான் தட்டுன்னு வெளிய வர்ற சாமானோட ஒரு டப்பாவுல நாலஞ்சு புகை பைப்பும் கெடக்கும்ங்க, அது கை மாறி கை மாறி கோயமுத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைக்கோ ஆன்லைனுக்கோ வந்து சேரும். வாங்கிப் பாத்தா கட்டை நல்லாத்தான் இருக்கும், மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ற ப்ரையர் செடியோட வேர்முண்டுல செதுக்கினது அது, நெருப்பு பக்கத்துலயே இருந்தும் தாங்கற மரம், லேசுல போகாது. போறது எப்பவும் வாயில வெக்கிற தண்டுதான். அத பாத்தவுடனே எல்லாரும் கேக்கறது "வேற ஸ்டெம் எங்க கிடைக்கும்ங்க"ன்னுதான். என்ற கணக்குல அது கடைசி கேள்வியா வரணும், மொதல் கேள்வியா இல்ல. பத்துல எட்டு ஸ்டெம் ஊட்ல இருக்கற சாமான வெச்சே திரும்பி வந்துரும், ஒரிஜினல் ஸ்டெம் இருந்தாத்தான் அந்த பைப்புக்கு விலையும் நிக்கும்.

பேர சொல்லிர்றேன், கீழ கொழப்பம் வேண்டாம். வாயில வெக்கிற தண்டு முழுசும் ஸ்டெம். அதோட நுனில பல்லு பிடிக்கற மேடு பட்டன். பட்டன் நடுவுல புகை வர்ற கீறல் ஸ்லாட். மறுமுனைல கட்டைக்குள்ள நுழையற மூக்கு டெனான், அது போய் உக்கார்ற ஓட்டை மார்ட்டிஸ், அந்த ஓட்டை இருக்கற கட்டைக் கழுத்து ஷாங்க். ஒரே ஒரு ரூல் மட்டும் முன்னாடியே சொல்லிப்போடறேன்: டைட்டோ லூசோ எதுவா இருந்தாலும் ஸ்டெம் பக்கம் வேலைய பாருங்க, கட்டை பக்கம் அரமோ உப்புத்தாளோ கொண்டு போகாதீங்க. ஸ்டெம் போனா வேற பண்ணிக்கலாம், ஷாங்க் போனா பைப்பே போச்சு.

எதுக்கும் முன்னாடி: இது என்ன பொருள்?

இது தெரியாம சூடு காட்டறது, ஸ்பிரிட் போடறதெல்லாம் பண்ணக்கூடாது. பழைய பைப்புல எச்சா வர்றது வல்கனைட், அதாவது எபோனைட், இயற்கை ரப்பர்ல கந்தகத்த அள்ளிப் போட்டு வேக வெச்சு கல்லாட்டம் ஆக்கினது. நெல்சன் குட்இயர் 1851ல பேடண்ட் வாங்கின சமாச்சாரம், நம்ம ஊர்ல கையால கடையற இங்க் பேனாவும் இதே பொருள்தான். அடுத்தது அக்ரிலிக். கொம்பு, அம்பர், பேக்கலைட்னு ரொம்ப பழசுல வரும்.

கண்டுபிடிக்கறது சிம்பிள். ஈரமான வெள்ளைத் துணிய வெச்சு ஸ்டெம்ம நல்லா அழுத்தி தேய்ங்க. துணில மஞ்சப் பழுப்பா கறை ஏறி, மூக்குகிட்ட கொண்டு போனா டியூப் ரப்பர் மாதிரி, கந்தகம் மாதிரி வாடை வந்தா வல்கனைட். கறையே வராம கண்ணாடியாட்டம் பளபளன்னு இருந்து, நகத்துல தட்டினா டக் டக்குன்னு கெட்டியா சத்தம் வந்தா அக்ரிலிக். செவப்பும் கருப்பும் மரக்கோடு மாதிரி கலந்து ஓடற ஸ்டெம்ம பாத்து கறை புடிச்சுப்போச்சுன்னு தேய்ச்சு தள்ளிராதீங்க, அது கம்பர்லேண்ட்னு ரெண்டு கலர் வல்கனைட், டிசைனே அதுதான். மஞ்சக் கண்ணாடி மாதிரி நெஜ அம்பர் ஸ்டெம் கையில கிடைச்சா சுடவும் வேண்டாம் வளைக்கவும் வேண்டாம், ஈரத்துணில தொடச்சு வெச்சிருங்க, அது சில்லு சில்லா போற பொருள்.

அக்ரிலிக்ல ஸ்பிரிட், ஐசோப்ரொபைல் எதுவும் படக்கூடாது. உள்ளுக்குள்ள மயிரிழை மாதிரி விரிசல் ஓடிரும், அப்பறம் அத எடுக்கவே முடியாது. அதுக்கு சோப்புத்தண்ணி போதும். வல்கனைட்டுக்கு உள்பக்கம் ஐசோப்ரொபைல் தாராளமா போடலாம், எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற கடைல பாட்டில்ல கிடைக்குது.

கோளாறு: கருப்பா இருக்க வேண்டிய ஸ்டெம் பச்சையும் பழுப்புமா இருக்கு, வாயில வெச்சா கசக்குது

பத்து பைப்பு வந்தா அதுல பாதிக்கு மேல இந்த கம்ப்ளெயிண்ட்தான். வல்கனைட்ல இருக்கற கந்தகம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மேல்தோல்ல வெளிய வந்து ஆக்ஸிஜனோட சேர்றதுதான் காரணம், வாயில கசக்கறதும் அதேதான். அழுக்குன்னு நெனச்சு துணில தொடச்சா போகாது, ஏன்னா அது மேல ஒட்டினது இல்ல, தோலே மாறிப்போனது. கண்ணாடி ஷோகேஸ்ல ஜன்னல் வெயில் படற மாதிரி வெச்ச பைப்புல ஒரு பக்கம் மட்டும் பழுப்பா இருக்கும் பாருங்க, அது இதனாலதான்.

மொதல்ல உள்ள க்ளீன் பண்ணுங்க. பைப்பு க்ளீனர் கம்பிய ஐசோப்ரொபைல்ல நனச்சு விட்டு எடுக்கறப்ப தார் மாதிரி கருப்பா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் விடுங்க. கிராஃப்ட் கடைல கலர் கலரா குழந்தைகளுக்கு விக்கிற பஞ்சு கம்பி வேண்டாம், அது பிளாஸ்டிக் நூலு, உள்ளயே உதிர்ந்து மாட்டிக்கும், பஞ்சு நூல்ல சுத்தினதுதான் வேணும்.

அப்பறம் ஊற வெக்கிறது. ஸ்டெம்ல கம்பெனி முத்திரை இருந்தா அது மேல வேசலின் கொஞ்சம் தடவிருங்க. துணில கறை எடுக்க விக்கிற ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடர வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, ஸ்டெம்ம மட்டும் ராத்திரி முழுக்க போட்டு வைங்க. பாத்ரூம் கழுவற குளோரின் ப்ளீச் வேண்டாம், அதுவும் பழுப்ப எடுக்கும், ஆனா மேல்தோல பொடிப் பொடியா குழி விட்ரும், அப்பறம் அத சமன் பண்ண ரெண்டு மடங்கு தேய்க்கணும். காலைல எடுத்தா ஸ்டெம் முன்னவிட மோசமா, மங்கலா, பழுப்பு பொங்கின மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, அடியில இருந்தது எளகி மேல வந்திருக்குன்னு அர்த்தம். ஈரத்தோடயே மேஜிக் ஸ்பாஞ்ச் (மெலமைன் ஸ்பாஞ்ச்) வெச்சு தேய்ச்சா ஸ்பாஞ்ச் முழுக்க மஞ்சளாகும், ஸ்டெம்ல கருப்பு எட்டிப்பாக்கும்.

அதுக்கு மேல வாட்டர் பேப்பர், கார் பெயிண்ட் அடிக்கறவங்க பாவிக்கிறதே போதும். ரொம்ப மோசமா இருந்தா 400 நம்பர்ல ஆரம்பிங்க, இல்லாட்டி 600, அப்பறம் 800, 1000, 1500, 2000, எல்லாம் தண்ணி வெச்சுத்தான். ஒரு நம்பர்ல போட்ட கோடு முழுசா மறையாம அடுத்த நம்பருக்கு தாண்டினீங்கன்னா கடைசில பாலீஷ் போட்டதுக்கப்பறம்தான் அந்த கோடு பளிச்சுன்னு தெரியும், மறுக்கா 400ல இருந்து வரணும். ஸ்டெம்மும் ஷாங்கும் சேர்ற எடத்து விளிம்ப மழுங்க விட்ராதீங்க, அது மழுங்கினா மாட்டினதுக்கப்பறம் சுத்தியும் ஒரு பள்ளம் தெரியும், எவ்வளவு பாலீஷ் போட்டாலும் கைவேலை பாத்ததுன்னு காட்டிக் குடுத்துரும். பழைய ரீசார்ஜ் கார்டு, ஏடிஎம் கார்டு எதாச்சும் எடுத்து டெனான் சைசுக்கு ஓட்டை போட்டு, வாஷர் மாதிரி டெனான்ல மாட்டிக்கிட்டு தேய்ங்க, விளிம்பு கூர்மையாவே நிக்கும்.

பாலீஷுக்கு மெஷின் வேணும்னு இல்ல, 2000க்கு அப்பறம் துணில கார் ரப்பிங் காம்பவுண்ட் வெச்சு கையால தேய்ச்சு, சோப்பு போட்டு கழுவினாலே போதும். பஃப் மெஷின்லதான் போடுவேன்னா மோட்டார் ஸ்பீட பாருங்க. நம்ம கோயமுத்தூர் மோட்டாருக்கு பஞ்சமில்லாத ஊரு, பட்டறைல கேட்டா ஏதாச்சும் ஒண்ண எடுத்துக் குடுத்துருவாங்க, 2800 ஆர்பிஎம் மோட்டார்ல வல்கனைட்ட அழுத்தினா சூட்டுல மேல்தோல் எளகி மறுக்கா பழுப்பு ஏறிரும், 1440 மோட்டார் வாங்குங்க, அதுலயும் பட்டும் படாம காட்டுங்க. கடைசியா கார்னாபா மெழுகு இருந்தா போடுங்க, இல்லைன்னா மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின் வாங்கி ரெண்டு சொட்டு தடவி தொடச்சிருங்க. பொள்ளாச்சி தேங்காயெண்ணெய் இருக்கறப்ப அது எதுக்குங்கன்னு கேப்பீங்க, கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்கும், வாயில வெக்கிற சாமான்ல அது ஆகாது. வாயில போற எடத்துல கார் மெழுகும் போடாதீங்க.

கோளாறு: பல்லு பட்டு குழி விழுந்திருக்கு

அரம் எடுக்காதீங்க, மொதல்ல சூடு. வல்கனைட்டுக்கு ஒரு குணம் இருக்கு, சூடு பட்டா தன்னோட பழைய உருவத்துக்கு திரும்பப் பாக்கும். பாத்திரத்துல தண்ணி கொதிக்க விட்டு, ஸ்டெம் உள்ள ஒரு பைப்பு க்ளீனர் கம்பிய சொருகி (காத்துவழி அமுங்காம இருக்க), பட்டன் பக்கம் மட்டும் ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் முக்கிப் பிடிங்க. எடுத்து வெளிச்சத்துக்கு சாச்சுப் பாத்தா, அடி தெரியாத பல்லுத்தடம் ஆழம் கொறஞ்சு ஓரம் மழுங்கி நிக்கும், மறுக்கா முக்கினா இன்னும் கொஞ்சம் மேல வரும். லேசான தடமா இருந்தா சுத்தமா மறஞ்சே போயிரும். ஊட்டி, குன்னூர்ல இருக்கறவங்க பொறுமையா பண்ணுங்க, ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும், கீழ கோயமுத்தூர்ல வர்ற வேகத்துக்கு அங்க வராது. மொபைல் ரிப்பேர் கடைல இருக்கற ஹாட் ஏர் கன் இருந்தா இன்னும் வேகமா ஆகும், ஆனா ஒரே எடத்துல நிறுத்தினா கொப்புளம் போட்ரும், ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

வளஞ்ச ஸ்டெம்மா இருந்தா ஜாக்கிரதை, முழுசையும் கொதிதண்ணில போட்டீங்கன்னா வளைவே நிமிந்துக்கும், ஃபேக்டரில நேரா செஞ்சு பொறவு வளைச்சதுதான் அது, பழைய ஞாபகத்துக்கு போயிரும். அப்படி நிமிந்து போன ஸ்டெம் வந்தா அதே வழிதான் மருந்தும்: உள்ள கம்பிய விட்டு, கொதிதண்ணில வளையற பக்கத்த எளக வெச்சு, கண்ணளவு பாத்து வளைச்சு, பச்சத்தண்ணில காட்டி நிறுத்திக்கலாம்.

சூட்டுல வராம மிச்சம் நிக்கற குழிக்கு அடைப்புதான். பெவிக்விக்கும் கரித்தூளும். மெடிக்கல்ல ஆக்டிவேட்டட் சார்கோல் மாத்திரையோ கேப்சூலோ வாங்கி நல்லா நுணுக்கிக்கோங்க, குழிய 400 பேப்பர்ல சொரசொரப்பாக்கி ஐசோப்ரொபைல்ல தொடச்சு காய விட்டு, பசையும் தூளும் கலந்து பல்குத்தற குச்சில வைங்க. ஒட்டுக்கா ரொப்பினா நடுவுல காயாம புழுபுழுன்னு நிக்கும், சின்னச் சின்னதா வெச்சு காய விட்டு வெச்சு காய விட்டு சுத்துமட்டத்த விட சித்த மேடா நிக்கற மாதிரி கொண்டு வாங்க, ஒரு ராத்திரி போகட்டும், அப்பறம் அரத்துல சமன் பண்ணி வாட்டர் பேப்பர். அடைச்ச எடத்துக்கு மறுக்கா சூடு காட்டக்கூடாது, அடைப்பு கெளம்பிரும், கண்ணு எரியற புகையும் வரும். அதனாலதான் சூடு மொதல்ல, பசை அடுத்ததுன்னு வரிசை.

அக்ரிலிக்ல சூட்டுக்கு பெருசா எழும்பாது, நேரா அடைப்புக்கு போயிருங்க, கலர் ஸ்டெம்முக்கு கரித்தூள் போடாம வெறும் பசை.

கோளாறு: பட்டன் கிட்ட ஓட்டையே விழுந்துருச்சு, இல்ல பட்டன் ஓரம் ஒடஞ்சிருக்கு

ஓட்டை சின்னதா இருந்தா மேல சொன்ன அடைப்பேதான், ஒரு வேலை கூட. கெட்டி அட்டைய ஸ்லாட் சைசுக்கு வெட்டி, அது மேல செல்லோ டேப் சுத்தி, வேசலின் தடவி ஸ்லாட்டுக்குள்ள சொருகிக்கிட்டு அடைங்க, பசை உள்ள போயி காத்துவழிய அடைக்காது, காஞ்சதும் அட்டைய உருவிரலாம். பட்டன் மேட்ட திரும்பக் கட்டறதுக்கு அதே கலவைய வெச்சு மேடு பண்ணிட்டு நகைப்பட்டறைல வெச்சிருப்பாங்களே பொடி அரம், அந்த நீடில் ஃபைல்ல செதுக்கி எடுக்கணும். ராஜ வீதி பக்கம் ஆசாரிமாரு சாமான் விக்கிற கடைல செட்டாவே கிடைக்கும், இந்த வேலைக்கு அத விட நல்ல டூல் இல்ல.

ஓட்டை பெருசா இருந்தா அடைப்பு நிக்காதுங்க, திரும்ப பல்லு படற எடம் அது. ஸ்டெம் நீளம் தாராளமா இருந்தா ஒடஞ்ச நுனிய அறுத்துட்டு புது பட்டன் செதுக்கலாம், ஆனா உள்ள போகப்போக காத்துவழி உருண்டையா சுருங்கும், நுனில இருந்த விசிறி மாதிரி ஸ்லாட் அங்க இருக்காது, அத நீடில் ஃபைல்ல புதுசா தொறக்கணும். கை பழகாதவங்க மொதல்ல ஒண்ணுத்துக்கும் ஆகாத ஸ்டெம்ல பழகிட்டு வாங்க.

பீட்டர்சன் கம்பெனி பைப்பு கிடைச்சா ஒரு விசயம், 1898ல பேடண்ட் பண்ணின பி-லிப் ஸ்டெம்ல புகை வர்ற ஓட்டை நுனில இருக்காது, மேல் பக்கமா இருக்கும். அத பல்லு போட்ட ஓட்டைன்னு நெனச்சு அடைச்சிராதீங்க.

கோளாறு: ஸ்டெம் லூசா ஆடுது, தலகீழா புடிச்சா கழண்டு விழுது

வருசக்கணக்கா சும்மா கெடந்த பைப்புன்னா மரம் காஞ்சு போயிருக்கும், அதுவும் சித்திர வெயில்ல ஈரோடு, கரூர் பக்கம் கேக்கவே வேண்டாம். பைப்பு பிடிக்கிறவங்களா இருந்தா நாலு தடவ பிடிச்சதும் ஈரம் ஏறி தானா இறுகறது உண்டு, அது வரைக்கும் கைய வெக்காதீங்க. இப்ப டெனான உப்ப வெச்சுப்போட்டு, பொறவு மரம் இறுகினா ஷாங்க் வெடிக்கும்.

அப்படியும் லூசுன்னா டெனான உப்ப வெக்கலாம். காத்துவழி எவ்வளவுன்னு பாருங்க, பொதுவா 4 மில்லி சுத்தி இருக்கும். அத விட ஒரு 0.2 மில்லி பெரிய டிரில் பிட்டோட வால் பக்கம், அந்த வழவழ பக்கத்த தயாரா வைங்க, டெனான கொதிதண்ணில எளக வெச்சு பிட்டோட வாலை நேரா தள்ளுங்க, அப்படியே பச்சத்தண்ணில ஆற விட்டு உருவுங்க. மாட்டிப் பாத்து பத்தலைன்னா அடுத்த சைஸ். இது வல்கனைட்டுக்கு மட்டும், அக்ரிலிக் டெனான்ல இத பண்ணினா வெடிச்சுப் போகும், அதுக்கு டெனான் மேல பெவிக்விக் மெல்லிசா ஒரு பூச்சு, நல்லா காய விட்டு 600 பேப்பர்ல சமன் பண்ணி மாட்டணும். காயறதுக்கு முன்னாடி மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நூல் சுத்தறது, பிளம்பர் போடற டெஃப்லான் டேப் சுத்தறது, பேப்பர் மடிச்சு சொருகறது, இதெல்லாம் வேண்டாம்ங்க. தண்ணிக் குழாய்க்கு சரி, சூடும் புகையும் போற எடத்துக்கு ஆகாது.

கோளாறு: ஸ்டெம் கழலவே மாட்டேங்குது, இல்ல முழுசா உள்ள போகாம கோடு தெரியுது

பலம் காட்டாதீங்க, டெனான் ஒடியறது இங்கதான். ஜிப் லாக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல அரை மணி நேரம் வெச்சு எடுங்க, ஸ்டெம்மும் மரமும் வேற வேற அளவுல சுருங்கறதால புடி விடும், ஒரே பக்கமா மெதுவா திருகிக்கிட்டே இழுங்க. வரலைன்னா மறுக்கா ஃப்ரீசர். பிடிச்சு முடிச்ச சூட்டோட ஸ்டெம்ம எப்பவும் கழட்டக்கூடாது.

முழுசா உக்காரலைன்னா டெனான் பெருசுன்னு நெனச்சு தேய்க்க ஆரம்பிக்காதீங்க, மார்ட்டிஸ் அடில பழைய தார் கல்லாட்டம் கட்டியிருக்கும். காது பஞ்சுக்குச்சிய ஐசோப்ரொபைல்ல நனச்சு திரும்பத் திரும்ப தொடைங்க, பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிரும். சுத்தம் பண்ணியும் டைட்டா இருந்தா டெனான் மேல 2பி, 4பி பென்சில நல்லா தேய்ச்சு மாட்டுங்க, கிராஃபைட் வழுக்கும், அதுக்கும் மேலதான் 600 பேப்பர் ரெண்டு சுத்து.

கோளாறு: இழுக்க கஷ்டமா இருக்கு, விசில் அடிக்குது, களகளன்னு தண்ணி சத்தம்

க்ளீனர் கம்பி பட்டன்ல இருந்து புகையிலை போடற கிண்ணம் வரைக்கும் தடையில்லாம போகுதான்னு பாருங்க. ஸ்டெம்முக்குள்ளயே நின்னா அடைப்பு. ஸ்டெம் தாண்டி ஷாங்க்ல முட்டுச்சுன்னா ரெண்டு ஓட்டையும் ஒரே நேர்ல இல்ல. ஸ்டெம்ம கழட்டி மார்ட்டிஸ் ஆழத்த வெர்னியர் வாலுல அளந்து, டெனான் நீளத்தோட ஒத்துப் பாருங்க, டெனான் குட்டையா இருந்தா நடுவுல ஒரு குழி மாதிரி எடம் நிக்கும், புகை அங்க வந்து சுழன்று, குளுந்து, தண்ணியா நிக்கும், களகளக்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். விசிலுக்கு டெனான் முனைல ஓட்டை ஓரம் கூரா இருக்கறது காரணமா இருக்கும், கவுண்டர்சிங்க் பிட்ட கையில புடிச்சு திருகி புனல் வாய் மாதிரி ஆக்கிட்டா அடங்கிரும். 9 மில்லி ஃபில்டர் போடற பைப்ப ஃபில்டர் இல்லாம பாவிச்சாலும் இதே சத்தம் வரும், அது கோளாறு இல்ல, அடாப்டர் போட்டா சரி.

பழைய அமெரிக்க பைப்பு சிலதுல டெனான் அலுமினியத்துல திருகாணியா இருக்கும், கேவூடி கம்பெனி பைப்பு மாதிரி. அத திருகி முடிச்சா ஸ்டெம் கோணலா நிக்குதா? கழட்டி உலோகத்துக்கு மட்டும் லைட்டர் காட்டி சூடாக்கி, மறுக்கா மாட்டி நேரா வர்ற வரைக்கும் திருகி ஆற விடுங்க. உலோகத்த சுத்தி புடிச்சிருக்கறது எளகி திரும்பிரும்.

கோளாறு: டெனான் ஒடஞ்சு உள்ளயே மாட்டிருச்சு

மாட்டின துண்ட எடுக்க மொதல்ல ஃப்ரீசர், அப்பறம் ஒரு மெல்லிசான மர ஸ்க்ரூவ துண்டோட காத்துவழிக்குள்ள ரெண்டு மூணு சுத்து மட்டும் ஏத்தி நேரா இழுங்க. இன்னும் திருகினா துண்டு விரிஞ்சு ஷாங்க வெடிக்க வெச்சிரும்.

ஒடஞ்சத பெவிக்விக் போட்டு ஒட்டாதீங்க, ஒரு நாளும் நிக்காது. டெல்ரின்ல புது டெனான் போடணும், அசிட்டால் பிளாஸ்டிக், கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் பிளாஸ்டிக் விக்கிற கடைல ராடா வெட்டிக் குடுப்பாங்க, 10 மில்லி, 12 மில்லி ராடுல கை நீளம் வாங்கினா பல பைப்புக்கு வரும்.

கடைசலுக்கு கணபதி பக்கம் லேத் பட்டறைக்கு நான் போறது, அங்க இருக்கற டர்னர் அண்ணன் மொதல் தடவ ஸ்டெம்ம கையில வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு, "ஏந் தம்பி, மோட்டார் ஷாஃப்ட்டுக்கு பத்து மைக்ரான் பாத்து கடையறவன், இந்த புகைக்கொழாய்க்கு என்ன கணக்கு சொல்ற?"ன்னாரு. "கணக்கு ஒண்ணுதானுங்கண்ணா, கையால தள்ளினா வழுக்கிட்டு போயி நிக்கணும், ஆனா தானா விழக்கூடாது"ன்னேன். அவரு பேசாம டிரில் பிட் டப்பாவ தொறந்து, பிட்டோட வாலை ஒண்ணொண்ணா மார்ட்டிஸ்ல விட்டுப் பாத்தாரு, 7.8 போச்சு, 7.9 நின்னுருச்சு. அவ்வளவுதான், அளவு வந்துருச்சு. வெர்னியர விட இந்த மாதிரி சின்ன ஓட்டைக்கு இதுதான் கரெக்டா சொல்லும்.

ஸ்டெம்ம லேத் சக்குல (சாமான கவ்விச் சுத்தற பாகம்) புடிக்க முடியாது, உருண்டையும் இல்ல நேரும் இல்ல. அதனால தலகீழா பண்ணணும்: பிட்ட சக்குல புடிச்சு, லேத்த மெதுவா ஓட விட்டு, ஸ்டெம்ம கையில புடிச்சு பிட்டு மேல தள்ளணும். ஒடஞ்ச முகத்த மொதல்ல தட்டையாக்கிட்டு, காத்துவழிய விட ஒரு சைஸ் பெரிய பிட்டுல ஆரம்பிச்சா அது பழைய ஓட்டையவே புடிச்சுக்கிட்டு நேரா போகும், அப்பறம் அரை மில்லி அரை மில்லியா ஏத்தி 6 மில்லி வரைக்கும் கொண்டு வந்தாரு, ஆழம் 12 மில்லி போதும். நேரா 6 மில்லி பிட்ட வெச்சா இழுத்துட்டு போயி ஸ்டெம் ஓரம் பிச்சுக்கும். டெல்ரின்ல ஒரு பக்கம் 6 மில்லி, மறு பக்கம் 7.8 மில்லி, நடுவுல 4 மில்லி ஓட்டை.

டெல்ரின்ல பசை ஒட்டறது கம்மி, வழவழன்னு எண்ணெய் பட்ட மாதிரி பொருள். அதனால ஸ்டெம்முக்குள்ள போற பக்கத்துல லேத்லயே ரெண்டு மூணு பள்ளக் கோடு போடச் சொல்லுங்க, இல்ல மரை வெட்டச் சொல்லுங்க, பசை அந்த பள்ளத்துல போயி கெட்டியாகி புடிச்சுக்கும். பசைக்கு அரால்டைட், சீக்கிரம் காயற ரகம் வேண்டாம், நின்னு காயற ரகம், திருப்பி நேர் பாக்க டைம் கிடைக்கும். ஷாங்க் முகத்துல வேசலின் தடவிட்டு, பசை போட்டு, பைப்போட மாட்டி, கிண்ணமும் ஸ்டெம்மும் ஒரே நேர்ல இருக்கான்னு முன்னால இருந்து பாத்து திருப்பி வெச்சு, ஒரு நாள் தொடாதீங்க. காத்துவழில ஒரு எண்ணெய் தடவின க்ளீனர் கம்பி இருக்கட்டும், பசை வழிஞ்சா அடைக்காது.

கோளாறு: ஸ்டெம்மே இல்ல, இல்ல முடிஞ்சே போச்சு

இப்பத்தான் அந்த கடைசி கேள்விக்கு வர்றோம். ஷாங்க மொதல்ல பாருங்க, வெளிச்சத்துல மயிரிழை விரிசல் இருக்கான்னு. இருந்தா புது ஸ்டெம் போடறதுக்கு முன்னாடி உலக்கைக்கு பூண் போடற மாதிரி ஒரு வெள்ளிப் பூண் போட்டாகணும், நகை ஆசாரிகிட்ட ஷாங்க் சுத்தளவுக்கு பண்ணச் சொன்னா பண்ணிருவாங்க. பூண் ஏறினா விரிசல் மூடி மார்ட்டிஸ் கொஞ்சம் சுருங்கும், அதனால டெனான் அளவ பூண் போட்டதுக்கப்பறம்தான் எடுக்கணும். இந்த வரிசைய மாத்தினா கடைஞ்ச டெனான் உள்ள போகாது.

ரெண்டு வழி இருக்கு. அச்சுல வார்த்த ரெடிமேட் வல்கனைட் ஸ்டெம் வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வரும், டெனான் வேணும்னே பெருசா விட்டிருப்பாங்க, நம்ம மார்ட்டிஸுக்கு கடைஞ்சு, ஷாங்க் விட்டத்துக்கு ஓரத்த தேய்ச்சா முடிஞ்சுது. காத்துவழி, ஸ்லாட், பட்டன் எல்லாம் அதுலயே இருக்கும். மொதல் தடவ பண்றவங்களுக்கு இதுதான்.

இன்னொண்ணு எபோனைட் ராடுல இருந்து முழுசா கடையறது. இங்க் பேனா கடையறவங்க பாவிக்கிற ராடு நம்ம நாட்டுலயே கிடைக்குது, பதினெட்டு இருபது மில்லி தடிமன்ல. ஒரே பிரச்சனை காத்துவழி, அவ்வளவு நீளத்துக்கு 4 மில்லி பிட்டு விலகாம போகாது, டெனான் பக்கம் இருந்து 4 மில்லி முக்கால் தூரம், பட்டன் பக்கம் இருந்து 2 மில்லி மிச்ச தூரம், ரெண்டும் நடுவுல சந்திக்கணும். சந்திச்ச எடத்துல படி இருந்தா க்ளீனர் முட்டும். எபோனைட் பாக்கத்தான் ரப்பரு, டூல் மொனைய சீக்கிரம் மழுக்கிரும், கார்பைட் டூல் போடச் சொல்லுங்க, ஸ்பீட கம்மியா வெக்கச் சொல்லுங்க, சூடேறினா பட்டறை முழுக்க கந்தக நாத்தம். தூசிக்கு மாஸ்க் கட்டாயம். வெளிப்பக்கம் சரிவு, பட்டன், ஸ்லாட் எல்லாம் அரத்துல கைவேலைதான், பல்லு புடிக்கற எடத்துல மொத்தம் 4 மில்லி சுத்தி இருந்தா வாய்க்கு சொகமா இருக்கும், 5 போச்சுன்னா மரக்கட்டைய கடிச்ச மாதிரி ஆகிரும்.

பிவிசி, நைலான் ராடுல பண்ணித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா வேண்டாம்னுருங்க. வாயில வெச்சு சூடான புகைய இழுக்கற சாமான், பிவிசி அதுக்கான பொருளே இல்ல.

உலோகப் பூண் வெச்சு, கூம்பா சொருகற ஆர்மி மவுண்ட் ஸ்டெம்மா இருந்தா அதிர்ஷ்டம், டெனான் அளவே கிடையாது, சரிவு ஒத்துவந்தா போதும், எந்த பட்டறையும் பண்ணிக் குடுக்கும்.

கோளாறு: முத்திரை மங்கிப்போச்சு

அச்சுப் பள்ளம் விரல் நகத்துக்கு தட்டுப்படுதான்னு பாருங்க. தட்டுப்பட்டா வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட்ட அது மேல தடவி, பாதி காஞ்சதும் ஈர டிஷ்யூல மேலாப்புல தொடச்சா பள்ளத்துல மட்டும் நிக்கும், கடைசியா 2000 பேப்பர்ல ஒரு தடவ. டன்ஹில் கம்பெனி பைப்போட வெள்ளைப் புள்ளி, 1912ல இருந்து போடறது, பெயிண்ட் இல்ல, உள்ள பதிச்ச பொருள், அது தேய்ச்சாலும் போகாது, அதனால அதுக்கு வேசலினும் வேண்டாம், பெயிண்ட்டும் வேண்டாம். தேய்ச்சு சமனாகிப்போன மத்த முத்திரைக்கு மேல பெயிண்ட்ல வரைஞ்சு விட்டா விக்கிறப்ப வாங்கறவன் கண்டுபிடிச்சிருவான், அத அப்படியே வெறுசா விட்ருங்க.